இட்டேரி வேலியும் கோயில் கொரங்காடும் மீட்க நன்கொடை வேண்டுகோள்

அருள்மிகு மாகாளியம்மன் துணை

புரட்டாசி, 2017

ஊர்ப் பெரியவர்களுக்கும், பங்காளி மாமன் மச்சான்மார்களுக்கும், பிழைப்புக்காகத் திருப்பூர், கோவை, சென்னை என்று போயிருக்கும் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம்.

ஆத்தா கண் திறந்துவிட்டாள். போன வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்து, ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி என்று அரசாங்கம் அறிவித்த பிறகு, இப்போதுதான் ஏர் பூட்டுகிற மாதிரி மழை. கோயிலின் மேய்ச்சல் நிலமான கொரங்காடு 22 ஏக்கரிலும் கொழுக்கட்டைப் புல் தூரில் பச்சை தெரிகிறது. தெரிந்த மறுநாளே 30 உருப்படி ஆடு உள்ளே நின்றது. யாருடையது என்று எழுதவில்லை. பசித்த ஆடு, கடன்பட்ட ஆள், என்ன சொல்வது? ஆனால் காய்ந்து கிடந்த தூர் விடும் முதல் தளிரைக் கடிக்க விட்டால் வேரில் இருக்கிற மிச்ச உயிரும் போய்விடும். புல் பூத்து விதை உதிரட்டும், தைப்பொங்கல் நோம்பி வரை அங்கே ஆட்டுப்பட்டி அடைக்க வேண்டாம் என்று கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது.

நம் தாத்தன்மார் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு இந்த இட்டேரி, அதாவது இருபக்கமும் உயிர்வேலி உள்ள தடத்தின் வழியாகத்தான் காளைகளை நடத்திக்கொண்டு போனார்கள். இருபுறமும் கிளுவை, காரை, சங்கஞ்செடி, கள்ளி. மேலே பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிக் கிடக்கும். வேலிக்குள் கை விட்டால் கவுதாரி முட்டை, இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டால் விரியன் என்று பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். கிளுவை வேலி, வெள்வேல் மரம், கொழுக்கட்டைப் புல் மூன்றும் இருந்தால் மழை குறைந்த மேட்டுக்காட்டிலும் மாடு வளர்க்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள். எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த வேலியில் பாதி இன்று இல்லை. வறட்சியில் ஆட்டுக்குத் தழை என்று வெட்டினோம். மாசியில் சீமைக்கருவேலத்தை எடுக்கிறோம் என்று வந்த ஜேசிபி, கிளுவையையும் சேர்த்து வழித்துவிட்டுப் போனது. வண்டி கொண்டுவந்தவரைப் பேசிப் பயனில்லை. நாமும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துத்தானே நின்றோம்?

போன வெள்ளிக்கிழமை விடியலில் ஒரு தாய்க் கவுதாரி ஆறு குஞ்சுகளோடு இட்டேரியைக் கடந்தது. குஞ்சு ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு. எதிரே முன்பு புதர் இருந்த இடத்தில் கல்காலும் முள்கம்பியும். கம்பிக்கு அடியில் நுழைந்தன, ஒளிய இடமில்லை. வல்லூறு இறங்கியது. புளியமரத்தடியில் இருந்த எங்களில் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டே ஓடினார். ஐந்துதான் மிச்சம்.

மயில்தான் ஊரெல்லாம் பெருகிக் கிடக்கிறதே என்பார்கள் சிலர். மயிலும் கவுதாரியும் ஒரே குலம்தான், ஆனால் மயில் எங்கேயும் பிழைக்கும், சோளத்தையும் விடாது. கவுதாரி தரையில் முட்டையிடுகிற பறவை. அதற்குப் புல்லும் புதரும் வேண்டும். குஞ்சுக்குக் கரையானும் பூச்சியும் வேண்டும்.

இனிக் கணக்கு. கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) 5,000, ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் 50,000. பள்ளம் வெட்டி நட ஆள் கூலி 42,000. புல் விதை 80 கிலோ 28,000 (இந்த வருஷத்து விதை உடனே முளைக்காது, போன வருஷத்து விதையாகப் பார்த்து வாங்குவதால் இந்த விலை). தண்ணீர்த் தொட்டியும் டேங்கர் வாடகையும் 25,000. தை வரை மேய்ச்சல் இல்லாமல் தவிக்கப்போகும் நான்கு குடும்பங்களின் ஆடுகளுக்குச் சோளத்தட்டு 65,000. ஆக மொத்தம் 2,10,000. வந்திருப்பது 1,26,500. குறைவது 83,500.

கொடுத்தவர்களை வாழ்நாளுக்கும் மறக்க மாட்டோம். மேக்காலத் தோட்டத்து ஆத்தா முட்டை விற்றுச் சேர்த்த 1,100 ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். பனியன் கம்பெனியில் டைலராக இருக்கும் மூன்று தம்பிமார் ஆளுக்கு 5,000 அனுப்பினார்கள். தீவனம் இல்லாமல் ஜோடி மாட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வந்த அண்ணன், அந்தக் காசிலிருந்து 500 எடுத்து நீட்டியபோது எங்களால் கை நீட்ட முடியவில்லை. திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பெயர் வேண்டாம் என்று சொல்லி 25,000 கொடுத்தவருக்கும் ஆத்தா துணை நிற்பாள்.

மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் வ.உ.சி. மைதானத்திலும் நின்றீர்கள். இன்றும் உங்கள் வாட்ஸ்அப் படத்தில் காங்கயம் காளை நிற்கிறது. அது எதைத் தின்னும் கண்ணு? போன தையில் இட்டேரியில் ஒரு கொத்து ஆவாரம்பூ இல்லை. காப்புக் கட்டவும் பூப்பறிக்கிற நோம்பிக்கும் சந்தையில் காசு கொடுத்து வாங்கினோம். கன்னிமாருக்கு விலைக்கு வாங்கிய பூ!

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போத்து நட்டாக வேண்டும். போத்து வெட்டும் ஆட்களுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, வியாழக்கிழமை வருகிறார்கள். பணமாக முடியாதவர்கள் ஒரு நாள் கடப்பாரையோடு வந்தாலும் வரவு வைப்போம். தினமும் மாலை 6 முதல் 8 வரை கோயில் திண்ணையில் இருப்போம். ரசீது உண்டு. 2,000 ரூபாய் நோட்டாக நீட்ட வேண்டாம், சில்லறை இல்லை. முழுவதையும் கொடுப்பதானால் சரி.

இப்படிக்கு,
குழுவினர்