புல்லட் கையேடுகளை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராணுவம் ஏலத்தில் கழித்த பழைய புல்லட் 350 ஒன்றை வாங்கி, ஒரு வருஷமாக அதன் பூர்வீகத்தைத் தேடி அலைகிறேன். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது வெளியே வந்த பிறகு பதிந்த வருஷம்தான், வண்டி பிறந்த வருஷம் இல்லை. பின் மட்கார்டில் நாலு அடுக்கு பெயின்ட்டை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தபோது பச்சைக்கு மேல் வெள்ளையாக ஒரு அம்புக்குறி தெரிந்தது. அதை அடுத்து வரும் இரண்டு இலக்கம்தான் ராணுவம் வாங்கிய ஆண்டு. எனக்கு 7 மட்டும் கிடைத்தது, அடுத்த இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது.

சரி, கையேடாவது கிடைக்குமா என்று பார்த்தால் அதுவும் இல்லை. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா இந்த வண்டிகளைச் செய்தது நம்ம திருவொற்றியூரில். அங்கே வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர்கள் இன்னமும் இந்தத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். என் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ்ராட் கம்பி விரலால் தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது என்று கையைப் பிடித்துக் காட்டினார், அப்புறம்தான் வால்வுப் பக்கமிருந்து வந்த டேப்பெட் சத்தம் நின்றது. அவரிடம் இருந்த பார்ட்ஸ் புத்தகம் மட்டும் வீடு மாறும்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டதாம்.

பரணில் அப்படி ஏதாவது வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். நம் பகுதி நூலகங்கள் அவற்றை வாங்கி, ஸ்கேன் செய்து வைக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்