பாஸ்போசெரின் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். நான் பழையபடி ரெசின் மணிகளில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பெப்டைடு கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ராஃப்-1 புரதத்தின் 259ஆவது செரினை 14-3-3 என்ற புரதம் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளக்க அந்தப் பகுதியைப் பெப்டைடாகச் செய்ய வேண்டும், பாஸ்போசெரின் (பாஸ்பேட் ஏறிய செரின்) விலை அதிகம், அந்த இடத்தில் குளூட்டாமிக் அமிலம் போட்டால் ஆகாதா என்று கேட்டிருந்தாய். ஆகாது சிவா, தயவுசெய்து அந்தச் சிக்கனம் மட்டும் வேண்டாம். பாஸ்பேட்டுக்கு உடலின் பிஎச்சில் கிட்டத்தட்ட இரண்டு எதிர்மின்சுமை, நான்முகி வடிவம். குளூட்டாமிக்குக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தட்டை. 14-3-3இன் பள்ளத்தில் லைசின் 49, ஆர்ஜினின் 56, ஆர்ஜினின் 127 எல்லாம் சேர்ந்து வளைத்துப் பிடிப்பது அந்தப் பாஸ்பேட்டைத்தான். 1996இல் செயின்ட் லூயிஸில் ஆண்ட்ரே ஷாவின் குழு இந்தப் பிணைப்புக்குப் பாஸ்போசெரின் தேவை என்று காட்டியதே ராஃப்-1இலிருந்து எடுத்த செயற்கைப் பெப்டைடுகளை வைத்துத்தான்.

சாதாரண செரினை வைத்துக் கட்டிவிட்டு, கைனேஸ் என்ற நொதியைப் போட்டுப் பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ளலாமே என்பாய். உன் வரிசையைப் பார்: ஆர்ஜினினுக்கு அப்புறம் செரின், திரியோனின், செரின், திரியோனின், பிறகு புரோலின். நொதி எதில் ஏற்றியது, எத்தனை விழுக்காடு ஏற்றியது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். வேதியியல் வழியில் மூன்றாவதில் மட்டும் என்றால் மூன்றாவதில் மட்டும்தான்.

செய்முறையில் ஒரே ஒரு இடத்தில்தான் உண்மையான ஆபத்து. பாஸ்பேட்டில் பென்சைல் என்ற காப்பு ஒன்று மட்டும் உள்ள எஃப்மாக் பாஸ்போசெரினை வாங்கு (எஃப்மாக் என்பது அமினோ முனையைத் தற்காலிகமாக மூடும் காப்பு). அதில் ஒரு அமிலம் திறந்தே இருப்பதால் இணைக்கும்போது டிஐபிஇஏ என்ற காரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பென்சைல் கடைசியில், பெப்டைடை ரெசினிலிருந்து வெட்டும் டிஎஃப்ஏ அமிலத்தில் தானே போய்விடும். ஆனால் பாஸ்போசெரின் ஏறியபின் வரும் முதல் எஃப்மாக் நீக்கத்தில், அதை நீக்கப் போடும் பைபெரிடின் என்ற காரம் பாஸ்பேட்டையே பிடுங்கிவிட்டு, காலியான இடத்தில் தானே ஒட்டிக்கொள்ளும். மைக்ரோவேவ் சூட்டில் இது இன்னும் அதிகம், அதனால் அங்கிருந்து அறை வெப்பநிலை, குறைந்த நேரம். பெப்டைடைப் பின்முனையிலிருந்து கட்டுவதால் அடுத்து வருவது செரினுக்கு முன்னால் உள்ள திரியோனின், அதை இரண்டு முறை இணைத்துவிடு, பாஸ்பேட்டின் நெரிசலில் அது மெதுவாகத்தான் ஏறும்.

மாஸ் ஸ்பெக்கில் (நிறை அளக்கும் கருவியில்) எதிர்பார்த்ததைவிட 13 டால்டன் குறைந்து ஒரு சிகரம் வந்தால் அந்தப் பைபெரிடின் ஒட்டியதுதான். 98 குறைந்தால் பாஸ்பேட் கழன்ற டீஹைட்ரோஅலனின், ஆனால் கருவிக்குள்ளேயே பாஸ்போரிக் அமிலம் உதிர்ந்தாலும் அதே 98தான் காட்டும், பயந்து பெப்டைடைக் கொட்டிவிடாதே, கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சியில் தனிச் சிகரமாகப் பிரிகிறதா என்று முதலில் பார்.

பாஸ்பேட் இல்லாத அதே வரிசையையும் கட்டாயம் செய், ஒப்பிட வேறு எதுவும் அதற்கு ஈடாகாது. அளவீட்டுக்கு ஒளிரும் சாயத்தைப் பெப்டைடின் முன்முனையில் (அமினோ முனையில்) ஒட்டுவதாக இருந்தால் நடுவில் ஒரு சின்ன இடைவெளி அமினோ அமிலம் வை. முழு வரிசையையும் எழுதி அனுப்பு, எந்த இடத்தில் தொடங்கி எங்கே வெட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முரளி