ஜப்பானிய மொழிக்குச் சான்றிதழ் போதாது, பட்டப் படிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்காக உங்கள் நாளிதழில் வந்த வழிகாட்டிப் பக்கத்தில் ‘ஜப்பானிய மொழி படித்தால் உடனே வேலை’ என்று ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஒரகடம் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் எனக்குச் சோறு போடுவதே அந்த மொழிதான். ஆனால் அதைப் படித்துவிட்டு என் தங்கை மகன் போன் செய்து, “பெரியம்மா, ஆறு மாசத்துல என்5 முடிச்சா உங்க கம்பெனில எடுத்துப்பாங்களா?” என்று கேட்டான் பாருங்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

எடுக்க மாட்டார்கள். ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து நிலைகள், அதில் என்5 அரிச்சுவடி, என்1 உச்சி. மொழிபெயர்ப்பு வேலைக்கு நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பது என்2, ஆள் கிடைக்காவிட்டால் என்3. அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது, விளம்பரங்களில் அதை யாரும் போடுவதில்லை: இந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் என எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைப் பார்த்து வட்டத்தைக் கருப்பாக்கும் வேலை. என்2 தேற 180க்கு 90 எடுத்தால் போதும், எந்தப் பகுதியிலும் 19க்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். வாயைத் திறக்காமலேயே ஒருவர் என்2 சான்றிதழோடு நேர்முகத் தேர்வுக்கு வந்து உட்காரலாம், வருகிறார்கள்.

அப்படி வந்து சேர்ந்த ஒரு பையன், நல்ல உழைப்பாளி, என்2வில் நல்ல மதிப்பெண். ஜப்பானில் நகோயாவில் இருக்கும் வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து போன், எங்கள் மேலாளரைக் கேட்டார்கள். இவன் மேலாளர் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்து, மரியாதை வினையும் போட்டு, அவர் கூட்டத்தில் எழுந்தருளியிருக்கிறார் என்கிற தோரணையில் பதில் சொன்னான். ‘எங்க சார் மீட்டிங்ல இருக்காருங்க’ என்று சொல்லிப் பழகிய நாக்கு, வேறு எப்படிச் சொல்லும்? ஆனால் ஜப்பானில் வெளியாளிடம் பேசும்போது நம் முதலாளியே ஆனாலும் நம்மவர், அவரைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும், வெறும் பெயர், பணிவு வினை. அதே மேலாளரிடம் நேரில் பேசும்போது உயர்த்தியாக வேண்டும். கெய்கோ என்கிற இந்த மரியாதை மொழி எதிரில் இருப்பவர் உள்ளாளா வெளியாளா என்பதைப் பொறுத்துத் திரும்புகிறது. போனில் பேசியவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார்கள். அதற்கு அடுத்த அழைப்பிலிருந்து எல்லாம் நேராக என் மேசைக்கு வர ஆரம்பித்தன.

இது மொழிப் பாடமா, பண்பாட்டுப் பாடமா, வணிகப் பாடமா? மூன்றையும் பிரிக்கவே முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. ஹோரென்சோ என்று ஒன்று, தகவலைத் தெரிவி, தொடர்பில் இரு, கலந்து பேசு என்ற மூன்றையும் சேர்த்த அலுவலகப் பழக்கம். வெல்டிங் சரியில்லாத பாகம் ஒன்று லைனில் அகப்பட்டால் நம் ஆட்கள் என்ன செய்வோம்? முதலில் சரிசெய்துவிட்டு, காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டு, அப்புறம் நல்ல செய்தியாகப் போய்ச் சொல்வோம், அதுதான் நமக்குப் பொறுப்பு. அவர்களுக்கோ விடை தெரியாவிட்டாலும் அந்த நிமிடமே சொல்வதுதான் பொறுப்பு, மாலையில் சொன்னால் மறைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அதேபோல நெமாவாஷி. கூட்டத்துக்கு முன்னாலேயே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி முடிவை ஏறக்குறைய எட்டிவிடுவார்கள், கூட்டம் பெரும்பாலும் அதை உறுதிசெய்ய மட்டும்தான். இது தெரியாத புதுப் பொறியாளர் கூட்டத்தில் எழுந்து அருமையான எதிர்வாதம் ஒன்றை வைப்பார், அறையே அமைதியாகிவிடும், அதை நான் ஜப்பானிய மொழியில் சொல்லித் தொலைக்க வேண்டும்.

மாலை வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் இல்லை. நம் கல்லூரிகளில் ஜப்பானியம் பெரும்பாலும் வகுப்பு முடிந்த பிறகு நடக்கும் கூடுதல் தாள், ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகள், சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்து கொஞ்சம் என்று ஓடும். ஜப்பானிய அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136 காஞ்சி எழுத்துகள், வாரம் இரண்டு மணி நேரத்தில் அந்த மலையை எப்படி ஏறுவது? டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் வங்காளத்தில் சாந்திநிகேதன் விஸ்வபாரதி பல்கலைக்கழகத்திலும் இது முழுப் பட்டப் படிப்பு. விஸ்வபாரதியில் ஜப்பானிய வகுப்பு 1954-லேயே தொடங்கிவிட்டது. இவ்வளவு ஜப்பானியத் தொழிற்சாலைகள் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துப் பிள்ளைகளோ மொழியை ஆழமாகப் படிக்க டெல்லிக்கும் வங்காளத்துக்கும் ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

பட்டம் இல்லாததால் கைவிட்டுப் போகும் ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பான் அரசின் கல்வி அமைச்சகம் தரும் மெக்ஸ்ட் உதவித்தொகையில் ‘ஜப்பானியப் படிப்பு’ என்று ஒரு பிரிவு உண்டு, ஒரு வருடம் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மொழியும் பண்பாடும் படிக்கலாம். தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் படிப்பவர்தான் விண்ணப்பிக்க முடியும். மெக்கானிக்கல் படித்துக்கொண்டே மாலையில் என்3 முடித்த பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. இன்னொரு பிரிவு பிளஸ் டூ முடித்து நேராக அங்கே இளங்கலை சேர்பவர்களுக்கு, பெரும்பாலான பாடங்களுக்கு மொத்தம் ஐந்து வருடம், முதல் வருடம் மொழிப் பயிற்சி, கட்டணம் கிடையாது, மாதம் 1,17,000 யென் தருகிறார்கள். அதற்குப் போட்டி கடுமை.

சொந்தச் செலவில் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானின் பெப்பு நகரில் 2000-இல் தொடங்கிய ரிட்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மேலாண்மையை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். சரி, பட்டம் ஆங்கிலத்தில் கிடைத்துவிடும், வேலை? அங்கே மாணவர்கள் மூன்றாம் ஆண்டு முடிகிற மார்ச்சிலேயே நிறுவன அறிமுகக் கூட்டங்களுக்கு ஓட ஆரம்பிக்கிறார்கள், பட்டம் முடிந்த ஏப்ரலில் எல்லோரும் ஒன்றாகச் சேர்வார்கள். அந்தக் கூட்டங்களும் விண்ணப்பங்களும் நேர்முகமும் பெரும்பாலும் ஜப்பானியத்தில்தான். பகுதிநேர வேலை அனுமதியோடு வாரம் 28 மணி நேரம் வரைதான், அதை நம்பி முழுச் செலவையும் கணக்குப் போடாதீர்கள். ஏஜென்ட்கள் இதையெல்லாம் மெதுவாகத்தான் சொல்வார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மொழி வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு மாதிரி ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வருகின்றன, ‘எழுதிப் பார்’, ‘சாப்பிட்டுப் பார்’ என்று நாம் சொல்வதை அவர்களும் ஏறக்குறைய அப்படியே சொல்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் பாடம் நடத்தி நம் பிள்ளைகளை எதற்காகத் தலைகீழாக நிற்க வைக்கிறோம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. (இரண்டும் உறவு மொழிகள் என்று பேராசிரியர் சுசுமு ஓனோ சொன்னதை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை, அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.)

அரசுகள் சும்மா இல்லைதான். 2017-இல் இந்திய, ஜப்பான் பிரதமர்கள் வெளியிட்ட கூட்டறிக்கையில் இந்தியாவில் 100 உயர்கல்வி நிறுவனங்களில் ஜப்பானியச் சான்றிதழ் படிப்பு, ஐந்து வருடத்தில் 1000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று வந்தது. 2025 ஆகஸ்டில் ஐந்து வருடத்தில் இரு நாட்டுக்கும் இடையே 5 லட்சம் பேர் போய்வருவது, அதில் இந்தியாவிலிருந்து 50,000 திறன் பணியாளர்கள் என்று இன்னொரு திட்டம். எண்கள் பெரியவை, ஆனால் முதலாவதில் இருக்கும் சொல்லைப் பாருங்கள், அங்கேயும் சான்றிதழ்தான்.

நான் கேட்பது சின்ன விஷயம். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் முப்பது பேரோடு ஜப்பானிய மொழியும் வணிகமும் என்று ஒரு பட்டம் தொடங்கட்டும். முதல் இரண்டு வருடம் மொழியும் வரலாறும் நன்றாக நடக்கட்டும், மூன்றாம் வருடம் கணக்கியல், தரக் கட்டுப்பாடு, கெய்கோ, கடிதம் எழுதுவது, ஒரு பருவம் தொழிற்சாலையில். பாடம் நடத்த உதாரணம் தேடி டோக்கியோ போக வேண்டாம். தரத்துக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசை 1998-இல் வாங்கியது சென்னையின் சுந்தரம் கிளேட்டன், 2002-இல் டிவிஎஸ் மோட்டார். சுசுகியோடு டிவிஎஸ் சேர்ந்து வண்டி செய்ததும் 2001-இல் பிரிந்ததுமே ஒரு பருவம் முழுக்கப் படிக்கலாம்.

ஆசிரியருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். என்1 முடித்தவருக்கு நிறுவனம் கொடுக்கும் சம்பளத்தில் பாதியைக்கூடக் கௌரவ விரிவுரையாளராகப் போனால் பார்க்க முடியாது. ஆனால் முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும் 15 வருடத் தொழில் அனுபவம் உள்ளவர்களைப் பேராசிரியராக அமர்த்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-லேயே வழி விட்டிருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்களில் தலை நரைத்த மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம், கெய்கோ பாடம் மட்டும் எனக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்,
ஸ்ரீபெரும்புதூர்