கார்ல்ஷ்டெயினின் இரு காலங்களையும் காட்டுங்கள்: ஒரு திறந்த மடல்

செக் குடியரசின் கார்ல்ஷ்டெயின் கோட்டையைப் பேணிவரும் பொறுப்பாளர்களுக்கும், அதன் அடிவாரத்துச் சந்தை நகரின் மன்றத்தாருக்கும் வணக்கம்.

பிராக் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணித்து, ரயிலை விட்டிறங்கி, பெரௌன்கா ஆற்றைக் கடந்து, கடைத்தெரு வழியாக மேலேறும் எவரையும் முதலில் ஈர்ப்பவை கோபுரங்களும் அவற்றின் செங்குத்தான கூரைகளுமே. பொஹீமிய மன்னரும் பின்னாளில் புனித ரோமானியப் பேரரசருமான நான்காம் கார்ல் 1348இல் கட்டத் தொடங்கிய கோட்டை என்று படித்துவிட்டு வந்தவர், கண்முன் தெரிவதெல்லாம் 14ஆம் நூற்றாண்டுதான் என்று இயல்பாகவே நம்பிவிடுவார். அந்தக் கூரைகளின் வடிவமோ யோசெப் மொக்கர் என்னும் கட்டடக் கலைஞர் 1887 முதல் 1899 வரை நடத்திய புனரமைப்பில் உருவானது. இந்த உண்மையைக் கோட்டைக்குள் நுழையும் முன்பே, மலையேறும் வழியிலேயே, எல்லோருக்கும் விளங்கும்படி காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மொக்கரை நான் குறை கூறவில்லை. பழுதுற்ற கோட்டைக்கு அவர் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். ஆனால் கார்ல் மன்னரின் காலத் தோற்றத்தை மீட்பதே அவர் காலத்துப் புனரமைப்பாளர்களின் குறிக்கோளாக இருந்ததால், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறுமலர்ச்சிப் பாணியில் சேர்ந்திருந்த பல பகுதிகள் அகற்றப்பட்டன. அவற்றைக் கட்டியவர்களும் இந்தக் கோட்டையின் வரலாற்றைச் சேர்ந்தவர்களே அல்லவா?

பெரிய கோபுரத்திலுள்ள திருச்சிலுவைச் சிற்றாலயத்தை நினைக்கும்போது இந்த வேண்டுகோளின் அவசியம் எனக்கு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. மெருகேற்றிய மணிக்கற்கள் பதித்த சுவர்கள், கண்ணாடி விண்மீன்கள் மின்னும் பொன் விதானம், அவற்றுக்கிடையே ஓவியர் தியோடோரிக்கும் அவருடைய பட்டறையினரும் தீட்டிய 129 பலகை ஓவியங்கள் என, பேரரசின் முடியும் புனிதச் சின்னங்களும் காக்கப்பட்ட அந்த இடத்தில் கார்ல் மன்னரின் காலம் உண்மையாகவே உயிரோடிருக்கிறது. சிறு குழுக்களாக மட்டுமே உள்ளே அனுமதிக்கும் கட்டுப்பாட்டை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். ஓவியங்களின் ஆயுள் நம் ஆவலைவிடப் பெரிது. அந்த ஓவியங்களுக்கும் கோபுரத்தின் மேலுள்ள கூரைக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது என்று அறிந்தவரே, எஞ்சியிருப்பது எவ்வளவு அரியது என்பதை உணர்வார்.

நகர் மன்றத்தாரிடம் தனியாக ஒன்று கேட்க விரும்புகிறேன். கோட்டையின் பெயரை ஏற்பதற்கு முன் உங்கள் ஊருக்குப் புத்ன்யானி (Budňany) என்ற சொந்தப் பெயர் இருந்தது. கோட்டை மாறிய ஒவ்வொரு முறையும் அதைக் கீழிருந்து பார்த்தவர்கள் அவ்வூர் மக்கள். ஆகவே 1887க்கு முற்பட்ட கோட்டையின் சித்திரங்களையும் ஒளிப்படங்களையும், அவை எந்தக் கோணத்திலிருந்து பதிவானவையோ அந்தந்த இடத்திலேயே, பழைய ஊர்ப்பெயருடன் நிறுத்துங்கள். முதற்படம் ஆற்றுப்பாலத்தருகே இருக்கட்டும். ரயிலிலிருந்து வருபவர் ஏறத் தொடங்கும் முன்பே இரு கோட்டைகளையும் ஒருங்கே காண்பார்.

மதிப்புடன்,
வரலாற்றில் ஆர்வமுள்ள ஒரு தமிழ் வாசகர்