பிற்பகல் இரண்டரை முதல் ஆறரை வரை: மாலை நிலையத்துக்கான நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

திருகோணமலை நகரின் கரையோரக் குறிச்சிகளில் 10 முதல் 16 வயது வரையான 40 பிள்ளைகளுக்கு, பாடசாலை நாள்களில் பிற்பகல் 2.30 முதல் 6.30 வரை இயங்கும் மாலை நிலையம் ஒன்றைத் தொடங்க உங்கள் உதவியை வேண்டுகிறோம். கட்டடம் வேண்டாம், சனசமூக நிலைய மண்டபம் இருக்கிறது. மாதாமாதம் சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான் பணம் தேவை.

ஏன் இந்த நேரம்? பாடசாலை 1.30க்கு விடுகிறது. தாய் கூலி வேலையில், அல்லது வளைகுடா நாடொன்றில். தகப்பன் கடலில், அல்லது இரவுத் தொழில் முடித்து உறக்கத்தில். பொழுதுபடும்வரை பிள்ளையைக் கேட்க ஆளில்லை. அமெரிக்காவில் பாடசாலை நாள்களில் சிறுவர் வன்முறை உச்சத்துக்குப் போவது பாடசாலை விட்ட பிறகு வரும் மணிகளில்தான். பெரியவர் இல்லாத இடம், ஒத்த வயதுக் கூட்டம், செய்ய வேலையில்லாத நேரம் மூன்றும் சேர்ந்தால் அமைதியான பிள்ளையும் இழுபடும்.

வறுமை மட்டும் ஒரு பிள்ளையைக் குற்றத்துக்குக் கொண்டுபோவதில்லை. தென் லண்டனில் 411 சிறுவர்களை 1961 முதல் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பின்னாளில் குற்றத்துக்குப் போனவர்களிடம் எட்டுப் பத்து வயதிலேயே தெரிந்த அறிகுறிகள் பல: படிப்பில் பின்தங்கல், அவசர புத்தி, கண்காணிப்புக் குறைந்த வளர்ப்பு, குற்றப் பின்னணியுள்ள உறவினர், வறுமை. ஒன்று இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். நாலைந்து சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. இவற்றில் வெளியாரான எம்மால் விரைவாக மாற்றக்கூடியவை இரண்டே: வாசிப்பும் கண்காணிப்பும்.

எமது கரையில் இது நடக்கும் விதம் தெரிந்ததே. தரம் 6க்கு வந்தும் ஒரு பந்தியைத் தடக்காமல் வாசிக்க முடியாத பிள்ளை வகுப்பில் அவமானப்படுகிறான். கிழமையில் ஒரு நாள், பிறகு மூன்று நாள் பாடசாலைக்குப் போகாமல் விடுகிறான். வாடைக் காலத்தில் தொழில் நின்று வீட்டில் கடன் ஏறுகிறது. கரைவலைப் பருவம் வந்ததும் வலை இழுத்தால் அன்றைக்கே காசு. 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016இலிருந்து சட்டம் இருந்தும், 13, 14 வயதில் பாடசாலை கைவிட்டுப் போகிறது. அதன் பிறகு மோட்டார் சைக்கிளோடு வரும் மூத்த கூட்டாளி, கணக்குச் சொல்ல முடியாத புதுக் கைபேசி, 'இந்தப் பொட்டலத்தை அங்கே குடுத்திட்டு வா' என்ற சின்ன வேலை. சிறுவர்மீது சந்தேகம் விழாது என்றே ஐஸ் என்ற போதைப்பொருளை விற்பவர்கள் அவர்களைத் தேடுகிறார்கள். 2018இன் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தப்படி 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைமீது குற்றப் பொறுப்பு இல்லை. 12க்கும் 14க்கும் இடைப்பட்டால் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் பொலிஸ், நீதிமன்றம், நன்னடத்தை உத்தியோகத்தர் என்று பாதை நீள்கிறது.

இப்படியான முயற்சிகள் பிழைக்கும் இடமும் உண்டு. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் 1939இல் தொடங்கி 500க்கு மேற்பட்ட சிறுவர்களில் ஒரு பாதிக்கு ஆலோசனையும் கோடை முகாமும் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது உதவி பெற்றவர்களின் நிலையே மோசம். முகாம்களில் ஒருவரையொருவர் பார்த்துக் கெட்டதைப் பழகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். சிறைக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்தும் திட்டங்களும் குற்றத்தைக் கூட்டியதாகவே ஆய்வுகள் காட்டின. ஆகவே 'குழப்படிப் பிள்ளைகள்' என்று பிரித்தெடுத்து ஒரு அறையில் அடைக்க மாட்டோம். குறிச்சியின் எல்லாப் பிள்ளைகளுக்கும், தமிழர் முஸ்லிம் வேறுபாடின்றி, கதவு திறந்திருக்கும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது எப்போதும் நிற்பார்.

முதல் கிழமையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் தரம் 3 பந்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்வோம். பிரிப்பது வயதால் அல்ல, வாசிப்பு மட்டத்தால். ஒரு மணி நேரம் வாசிப்பும் கணக்கும், பிறகு வீட்டுவேலை, 5 மணிக்கு மேல் விளையாட்டு. வந்ததும் அவித்த கடலையும் தேநீரும். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. மரக்கறி உணவாக இருந்தால் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம். இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் அன்று மாலையே ஒருவர் வீட்டுக்குப் போவார். மூன்றாம் கிழமை போய்ப் பயனில்லை.

மாதச் செலவு 270,000 ரூபா. சாப்பாடு, பிள்ளைக்கு நாளொன்றுக்கு 120 ரூபா வீதம் 20 நாளுக்கு 96,000. முழுநேரப் பொறுப்பாளர் 55,000. பகுதிநேர ஆசிரியர் இருவர் 60,000. விளையாட்டுப் பயிற்றுநர் 20,000. தூரத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டோ 18,000. கொப்பி, புத்தகம் 12,000. மின்சாரம், தண்ணீர் 9,000. ஒரு பிள்ளைக்கு மாதம் 6,750 ரூபா. இவர்களுக்கு மேல் வேறு பெரியவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. ஊரின் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் இளைஞர்களையும் முறை வைத்து அழைக்கிறோம்.

ஆறு மாதச் செலவான 1,620,000 ரூபா கையில் சேரும்வரை தொடங்க மாட்டோம். மூன்று மாதம் நடத்தி மூடினால், நம்பி வந்த பிள்ளை அடுத்த முறை எவரையும் நம்பாது. ஒரே தடவை பெருந்தொகை தருவதைவிட, மாதம் 1,000 ரூபா ஒரு வருடம் தருவது எமக்குக் கூடுதல் பலம். கிண்ணம், பெயர்ப்பலகை, பந்து வேண்டாம். புலம்பெயர்ந்த உறவுகள் இங்குள்ள குடும்பத்தார் மூலம் கொடுக்கலாம்.

சனிக்கிழமைகளில் மாலை 4 முதல் 6 வரை பொருளாளர் மண்டபத்தில் இருப்பார். இலக்கமிட்ட பற்றுச்சீட்டை அங்கேயே கேட்டு வாங்குங்கள். வரவு செலவு மாதம் தோறும் 5ஆம் திகதி மண்டப அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். பிள்ளைகளின் பெயரோ படமோ எதிலும் வராது.

ஏற்பாட்டுக் குழுவினர்
திருகோணமலை