மூன்று நாட்டுப் படிப்பு, ஒரு நாட்டு அனுமதி

ஐரோப்பிய ஆணையத்தில் கல்வியையும் குடியேற்றத்தையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்பில் இருக்கும் இந்திய மாணவன் நான். குறைந்தது இரண்டு நாடுகளில் படித்தால்தான் இந்தப் பட்டம். 2004-இல் தொடங்கிய திட்டத்தின் உயிரே அந்த விதிதான். என் வகுப்புக்கு மூன்று நாடுகள். நாடு நாடாகப் போகச் சொல்வது நீங்கள். வழிமறிப்பது உங்கள் உறுப்பு நாடுகளின் குடியேற்ற அலுவலகங்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதை.

ஒவ்வொரு நாட்டிலும் முதல் பாடம் வகுப்பறையில் நடப்பதில்லை. இத்தாலி என்றால் இறங்கி எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு அஞ்சலகத்தில் விண்ணப்பம். பிரான்ஸ் என்றால் மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். ஜெர்மனியில் முகவரிப் பதிவு, அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள். பெரும்பாலும் இதற்கெல்லாம் பிறகுதான் தங்கும் அனுமதி அட்டைக்கான காத்திருப்பே தொடங்கும். ஒரு பருவம் ஐந்தாறு மாதம். என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அட்டை கைக்கு வந்தது, அடுத்த நாட்டுக்குப் பெட்டி கட்டிய வாரத்தில்.

அதுவரை கையில் இருப்பது தற்காலிகத் தாள். ஜெர்மனி தரும் தாளில் சில கட்டங்கள் இருக்கும். 'பழைய அனுமதி தொடர்கிறது' என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தால் வெளியே போய்த் திரும்பி வரலாம். வேறு கட்டம் என்றால் அந்தத் தாளை நம்பி எல்லை தாண்ட முடியாது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. ஒரு நள்ளிரவுப் பேருந்தில் டார்ச்சோடு ஏறிய காவலர், மற்றவர்களின் அட்டைகளை நின்றபடியே பார்த்துக் கொடுத்துவிட்டார். என் தாளை விரித்தார், திருப்பினார், மடிப்பில் அழிந்திருந்த எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார், பிறகு எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். பின் இருக்கையிலிருந்து ஒரு பெருமூச்சு. சரியான கட்டத்தில்தான் குறி இருந்தது. ஆனாலும் பேருந்து முழுக்க எனக்காகக் காத்துக் கிடந்தது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2016/801 எண்ணுள்ள உங்கள் நெறிமுறை, இத்தகைய கூட்டுப் படிப்பு மாணவர்கள் இரண்டாவது நாட்டில் 360 நாள் வரை படிக்க வழிசெய்கிறது. புது விசா தேவையில்லை, அறிவித்தால் போதும் என்கிற ஏற்பாடும் அதில் உண்டு. டென்மார்க்கும் அயர்லாந்தும் அதில் சேரவில்லை, போகட்டும். சிக்கல் வேறு. அந்த வழி திறக்க முதல் நாட்டின் அனுமதி செல்லுபடியாக இருக்க வேண்டும். முதல் நாடு தன்னிடம் படிக்கும் மாதங்களுக்கு மட்டும் அனுமதி தந்தால்? கிளம்பும் நாளில் அதுவும் காலாவதி. சட்டம் தாளில் இருக்கும். நாங்கள் மறுபடி விசா வரிசையில் நிற்போம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2021 முதல் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ. நல்ல தொகை, நன்றி. ஆனால் விமானச் செலவு, விசாக் கட்டணம், புது ஊரில் குடியேறும் செலவு எல்லாம் அதற்குள்ளேயே. பழைய வீட்டு முன்பணம் திரும்பி வரும் முன்பே புது வீட்டுக்கு முன்பணம் எண்ணி வைக்க வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டுப் படிப்பில் சேர்ந்தவருக்கு முதல் நாடே படிப்பின் இரண்டு ஆண்டுக்குமான அனுமதியைத் தரட்டும். எந்தெந்த நாடுகளில் படிப்பு என்பதை அதிலேயே குறிக்கட்டும். அட்டை வரும்வரை கொடுக்கும் தாளை, தங்களுக்குள் பொதுவாக எல்லைச் சோதனை வைக்காத ஷெங்கன் நாடுகள் எல்லாம் ஏற்கும் ஒரே படிவமாக்குங்கள். 2028-இல் தொடங்கும் அடுத்த எராஸ்மஸ் திட்டத்துக்கான முன்மொழிவை 2025 ஜூலையில் வைத்தீர்கள். அதைப் பேசி முடிக்கும்போது, குடியேற்றத் துறையினரையும் அதே மேசையில் உட்கார வையுங்கள்.

பதில் எழுதுவதானால் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வீட்டு முகவரி பிப்ரவரியில் மாறிவிடும்.

இப்படிக்கு,
மூன்றாம் பருவ மாணவன்