‘உண்மை கண்டறியும் சோதனை’ என்ற பெயரை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மூளையை ஸ்கேன் எடுத்தால் பொய் சொல்பவர் தப்பவே முடியாது என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எம்.ஆர்.ஐ. அறையில் நுண்கதிர் வீச்சாளராக 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரையாளர் ஒருநாள் அந்த அறையில் நின்று பார்த்திருந்தால் அவ்வளவு அடித்துச் சொல்லியிருக்க மாட்டார்.

கழுத்துவலி என்று ஒரு பெரியவர் வந்தார். மோதிரம், வெள்ளி அரைஞாண், பல்செட்டு எல்லாம் கழற்றி வைத்தாயிற்று. காதில் பஞ்சு. உள்ளே தள்ளியதும் தகரக் கொட்டகை மேல் கல் விழுவது போல இயந்திரம் இரையத் தொடங்கியது. படம் மங்கலாக வந்தது. "அசைந்துவிட்டீர்களே ஐயா" என்றேன். "இம்மிகூட அசையவில்லை தம்பி, என் பேரப்பிள்ளை மேல் சத்தியம்" என்றார். எச்சில் விழுங்கியிருப்பார், கழுத்துப் படம் கெட அதுவே போதும். அவர் சொன்னது பொய்யா, அறியாமல் சொன்னதா? அசைவு மட்டும்தான் படத்தில் பதிந்திருந்தது.

பொய்யைப் பிடிக்கும் என்கிற எஃப்.எம்.ஆர்.ஐ.க்கும் அதே காந்தக் குழாய்தான். மூளையில் ஓரிடம் கூடுதலாக உழைத்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பாயும். அதனால் ஏற்படும் காந்த மாறுபாட்டைக் கருவி பதிவு செய்கிறது. அந்த ரத்தம் உச்சத்துக்கு வரவே ஐந்தாறு விநாடி ஆகும். திரையில் தெரியும் சிவப்பும் மஞ்சளும் கணக்குப் போட்டுக் கணினி பூசிய வண்ணம். 2009-இல் கிரேக் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனில் கிடத்தி, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். தற்செயலாகத் தோன்றும் புள்ளிகளை நீக்கும் திருத்தத்தைக் கணக்கில் செய்யாமல் விட்டபோது மீனின் மூளையிலும் வண்ணப் புள்ளி தெரிந்தது!

இந்த ஆராய்ச்சியில் பேர்பெற்றது பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் டேனியல் லாங்லெபன் 2002-இல் வெளியிட்ட ஆய்வு. சோதனைக்கு வந்தவர்களிடம் கிளாவர் ஐந்து சீட்டைக் கொடுத்து, அது கையில் இல்லை என்று சாதிக்கச் சொன்னார்கள். மறைத்துவிட்டால் 20 டாலர். பொய்யான பதிலின்போது மூளையின் முன்பகுதியில் சில இடங்கள் கூடுதலாக இயங்கின. நல்ல ஆய்வுதான். ஆனால் மனக்கணக்குப் போடும்போதும், சொல்ல வந்ததை அடக்கிக்கொள்ளும்போதும் அதே இடங்கள் இயங்கக்கூடியவை. சீட்டை ஒளிப்பவனும் தூக்குக்கயிற்றை நினைத்து நடுங்குபவனும் ஒன்றா?

2011-இல் ஜியோர்ஜியோ கேனிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் வேடிக்கை. ஒத்துழைத்தவர்கள் மறைத்த தகவலை நூற்றுக்கு நூறு கண்டுபிடித்த அதே முறை, அவர்கள் கைவிரலையோ கால்விரலையோ வெளியே தெரியாதபடி அசைக்கக் கற்றுக்கொண்டதும் 33 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அமெரிக்காவில் டென்னசியில் மருத்துவக் காப்பீட்டு மோசடி வழக்கில் சிக்கிய ஒரு உளவியலாளர், தனியார் நிறுவனம் ஒன்றில் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். ஒரு ஸ்கேன் உண்மை என்றது, அடுத்தது பொய் என்றது. களைப்பாக இருந்தார் என்று காரணம் சொல்லி மூன்றாவதாக எடுத்தார்கள், சாதகமாக வந்தது. நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்கவில்லை. 2012-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான்.

நம் நாட்டில் இதற்கு அண்ணன், மூளையின் மின்னலைகளைப் பதியும் ‘பிரெயின் மேப்பிங்’. 2008-இல் புனேயில் ஒரு கொலை வழக்கில் அதையும் காட்டி ஆயுள் தண்டனை விதித்தார்கள். பெங்களூரு நிமான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவன இயக்குநர் தலைமையிலான குழு அதே ஆண்டில் அந்த முறைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்றது. பிறகு 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், சம்மதம் இல்லாமல் யாருக்கும் இந்தச் சோதனையையோ, நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை ஆகியவற்றை அளக்கும் பாலிகிராஃபையோ, மயக்க ஊசி போட்டுக் கேள்வி கேட்கும் சோதனையையோ செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதித்துச் செய்தாலும் சோதனை முடிவே சாட்சியம் ஆகிவிடாது.

எனக்கு உங்களிடம்தான் குறை. பாலிகிராஃப், பிரெயின் மேப்பிங், மயக்க ஊசி எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்று நம் நாளிதழ்கள் பெயர் வைத்துவிட்டன. ‘உண்மை கண்டறியும் சோதனைக்கு மறுப்பு’ என்று தலைப்பு வந்தால் டீக்கடையில் படிக்கிறவர் என்ன நினைப்பார்? மடியில் கனம் இருக்கிறது, அதனால்தான் பயப்படுகிறான் என்பார். சட்டம் கொடுத்த உரிமையை ஒருவர் பயன்படுத்தியதற்கு அந்தப் பெயரே தண்டனை கொடுத்துவிடுகிறது.

அடுத்த முறை பாலிகிராஃப் என்றால் பாலிகிராஃப் என்றே போடுங்கள். தலைப்பில் இடம் போதவில்லையா, ‘சோதனை’ என்று மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்கதிர் வீச்சாளர்,
மதுரை.